சூரியன் எட்டாத பள்ளங்கள்

1. 234-ஆம் சுற்று

ஊரப்பாக்கத்தில் மனை வாங்குகிறவர்கள் வீட்டுக்கு அஸ்திவாரம் தோண்டும் முன்பே போர் போட்டுவிடுவார்கள். கட்டுமான வேலைக்கே தண்ணீர் வேண்டும். வண்டலூர், தாம்பரம், பல்லாவரம் என்று நீளும் இந்தப் பகுதியின் அடியில் கிடப்பது சார்னோக்கைட் என்ற கருங்கல். பரங்கிமலை, பல்லாவரம் பக்கத்துக் கற்களை வைத்துத்தான் நிலவியல் அறிஞர்கள் அந்தப் பாறையையே உலகுக்கு விவரித்தார்கள். தண்ணீர் அதன் விரிசல்களில் மட்டுமே இருக்கும். விரிசல் எங்கே இருக்கிறது என்பது மேலே நிற்பவர் கண்ணுக்குத் தெரியாது. அதனால் போர் லாரிக்கு முன்னால் ஒருவர் வந்து, நான்கு இரும்புக் கம்பிகளை வரிசையாக மண்ணில் அடித்து, மின்சாரம் செலுத்தி, நிலம் அதை எவ்வளவு தடுக்கிறது என்று அளப்பார். அளந்துவிட்டு, இத்தனை அடியில் வாய்ப்பிருக்கிறது என்பார். இருக்கிறது என்று அடித்துச் சொல்ல மாட்டார். அதை லாரிதான் சொல்ல வேண்டும்.

நிலாவில் நீர் தேடியவர்களும் அறுபது ஆண்டுகளாக அந்தக் கம்பிக்காரரின் நிலையில்தான் நிற்கிறார்கள். லாரியின் பதில் இன்னும் வரவில்லை. அங்கே மண்ணுக்கடியில் பனிக்கட்டி இருக்கிறது என்று இன்றைக்கு ஏறக்குறைய எல்லோரும் ஒப்புக்கொள்கிறார்கள். அந்த ஒப்புதல் சுலபமாக வரவில்லை. அந்த வரலாற்றில் பொள்ளாச்சி பக்கத்துக் கிராமம் வருகிறது, விழுப்புரம் வருகிறது, நாமக்கல் மண் வருகிறது, நம் மேற்குத் தாம்பரத்தின் கல்லூரி ஒன்றும் வருகிறது.

தொடக்கம் 1961. யூரி ககாரின் பூமியைச் சுற்றி வந்த ஆண்டு. அமெரிக்காவின் கால்டெக் நிறுவனத்தில் கென்னத் வாட்சன், புரூஸ் முர்ரே, ஹாரிசன் பிரவுன் என்ற மூவர் காகிதத்தில் ஒரு கணக்குப் போட்டார்கள். பூமியின் அச்சு 23.5 டிகிரி சாய்ந்திருக்கிறது. நிலாவின் அச்சுக்கு உள்ள சாய்வோ ஒன்றரை டிகிரிதான். ஆகவே நிலாவின் துருவத்தில் சூரியன் எப்போதும் அடிவானத்தை உரசியபடியே வட்டமடிக்கும். அங்கே ஆழமான பள்ளம் ஒன்று இருந்தால், அதன் விளிம்பே சூரியனை நிரந்தரமாக மறைத்துவிடும். பல கோடி ஆண்டுகள் வெயில் படாத தரை. காற்று இல்லாததால் பக்கத்து நிலத்தின் சூட்டைச் சுமந்து வர எதுவும் கிடையாது. வால்நட்சத்திரம் மோதியோ வேறு வழியிலோ வந்த நீராவி மூலக்கூறுகள் நிலாத் தரையில் தாவித்தாவி அலைந்து அப்படி ஒரு பள்ளத்துக்குள் விழுந்துவிட்டால், பிறகு வெளியேற வழியில்லை. உறைந்து அங்கேயே தங்கிவிடும்.

கணக்கில் பிழை இல்லை. ஆனால் 1969 முதல் 1972 வரை அப்பல்லோ வீரர்கள் 382 கிலோ கல்லும் மண்ணும் அள்ளி வந்தபோது, அவை எலும்பாய்க் காய்ந்திருந்தன. கொஞ்சநஞ்சம் தெரிந்த ஈரமும் பூமியில் ஒட்டிக்கொண்டது என்று ஒதுக்கப்பட்டது. அவர்கள் இறங்கிய இடங்கள் எல்லாமே நிலாவின் நடுப்பகுதியைச் சுற்றித்தான் என்பதை யாரும் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை. 1979-இல் ஜேம்ஸ் ஆர்னால்டு என்ற வேதியியலாளர் துருவப் பனிக்கட்டியைப் பற்றி மீண்டும் எழுதினார். அதுவும் அலமாரிக்குப் போனது.

கதவைத் தட்டியது நிலா அல்ல, புதன். 1991-இல் கலிபோர்னியாவின் கோல்ட்ஸ்டோன் ஆன்டெனாவிலிருந்து புதன் கோளுக்கு ரேடார் அலை அனுப்பினார்கள். எதிரொலி வந்தபோது அதன் வட துருவம் பளிச்சென்று தெரிந்தது, பனிக்கட்டி தெரிவதைப் போலவே. சூரியனுக்கு மிக அருகில் வேகும் கோளின் துருவப் பள்ளங்களில் பனி இருக்கலாம் என்றால், நிலாவில் ஏன் இருக்கக் கூடாது?

1994-இல் கிளமென்டைன் என்ற சிறிய விண்கலம் நிலாவைச் சுற்றியது. அதில் ரேடார் கிடையாது. ஸ்டூவர்ட் நோசெட் தலைமையிலான குழு, பூமியோடு பேசுவதற்காக வைத்திருந்த ரேடியோவையே நிலாத் தரை மேல் திருப்பியது. தரையில் பட்டுச் சிதறிய அலையைப் பூமியின் 70 மீட்டர் ஆன்டெனாக்கள் பிடித்தன. எத்தனையோ சுற்றுகள். தென் துருவத்தின் நிழல் பகுதிக்கு நேர் மேலே போன 234-ஆம் சுற்றில் மட்டும் எதிரொலி சற்றே தூக்கலாக வந்தது. 1996 டிசம்பரில் செய்தியாளர்களைக் கூட்டி அறிவித்தார்கள். உடனே மறுப்பு எழுந்தது. அரெசிபோ தொலைநோக்கியில் ரேடார் ஆய்வு செய்தவர்கள், வெயில் படுகிற இடங்களிலும் இதே மாதிரி எதிரொலி வருகிறதே என்றார்கள். கரடுமுரடான பாறைக் குவியலும் பனிக்கட்டி மாதிரியே ஒளிரும்.

அடுத்து 1998-இல் லூனார் பிராஸ்பெக்டர். அண்டவெளிக் கதிர்கள் நிலா மண்ணில் மோதும்போது நியூட்ரான்கள் தெறிக்கும். மண்ணில் ஹைட்ரஜன் இருந்தால் அது அவற்றின் வேகத்தைத் தின்றுவிடும். இரு துருவங்களுக்கும் மேலே நடுத்தர வேக நியூட்ரான்களின் எண்ணிக்கை குறைந்தது. தரைக்கு அடியில், ஒரு மீட்டருக்குள், ஹைட்ரஜன் குவிந்திருக்கிறது. ஆனால் ஹைட்ரஜன் என்றால் தண்ணீர்தானா? சூரியக் காற்று கொண்டுவந்து புதைத்த வெறும் ஹைட்ரஜனாகவும் இருக்கலாம் அல்லவா?

ஒரே வழி, மோதிப் பார்ப்பது. 1999 ஜூலை 31 அன்று, எரிபொருள் தீரப்போகும் நேரத்தில், அந்தக் கலத்தைத் தென் துருவத்தின் இருண்ட பள்ளம் ஒன்றுக்குள் வேண்டுமென்றே விழ வைத்தார்கள். கலத்துக்குள் ஒரு சிறு குப்பி. அதில் நிலவியல் மேதை யூஜீன் ஷூமேக்கரின் அஸ்தி கொஞ்சம் இருந்தது. பூமியின் பெரிய தொலைநோக்கிகள் எல்லாம் அந்த ஒரு புள்ளியைப் பார்த்துக் காத்திருந்தன, நீராவி எழும் என்று.

எதுவும் எழவில்லை. ஒரு தூசிகூடத் தெரியவில்லை.

பனிக்கட்டி இல்லையா? இருந்தும் தவறான இடத்தில் விழுந்ததா? பதில் சொல்ல அமெரிக்காவிடம் அப்போது அடுத்த கலம் இல்லை. நான்கு ஆண்டுகள் கழித்து, 2003 ஆகஸ்ட் 15 அன்று, செங்கோட்டையில் பேசிய பிரதமர் வாஜ்பாய் உரையின் நடுவே ஒரு புதிய பெயரை உச்சரித்தார். அந்தத் திட்டத்தின் வரைபடத்தைப் பார்த்த ராமேஸ்வரத்துக்காரர் ஒருவர் கேட்ட கேள்வியோ, திட்டத்தையே மாற்றியது.

2. இரவு 8.06

சந்திரயான் முதலில் நிலாவைச் சுற்றி வந்து படம் எடுக்கும் கலமாகத்தான் வரையப்பட்டது. அன்றைய குடியரசுத் தலைவர் அப்துல் கலாம் இஸ்ரோவின் பழைய ஆள். அத்தனை தூரம் போகிறோம், நூறு கிலோமீட்டர் உயரத்தில் நின்றுவிட்டுத் திரும்பாமல் தரையைத் தொட்டால் என்ன என்று கேட்டார். ஏற்கெனவே ஒவ்வொரு கிராமுக்கும் கணக்குப் பார்த்துக்கொண்டிருந்த குழு, 35 கிலோ எடையில் ஒரு பெட்டியைக் கலத்தின் மேல் உட்கார வைத்தது. நான்கு பக்கமும் மூவர்ணம். உள்ளே ஒரு வீடியோ கேமரா, உயரம் அளக்கும் ரேடார், பிறகு 'சேஸ்' என்ற நிறைமானி. எதிர்ப்படும் வாயு மூலக்கூறுகளை எடைவாரியாகப் பிரித்து எண்ணுவது அதன் வேலை.

திட்ட இயக்குநர் மயில்சாமி அண்ணாதுரை. பொள்ளாச்சியை அடுத்த கோதவாடியில் பிறந்து தமிழ் வழியில் பள்ளிப்படிப்பு முடித்தவர். 386 கோடி ரூபாயில், 11 கருவிகளோடு ஒரு கலம். கருவிகளில் ஐந்து இந்தியாவுடையவை, ஆறு வெளிநாடுகளுடையவை. இந்த ஆறில் இரண்டு நம் கதைக்கு முக்கியம். ஒன்று, அமெரிக்காவின் 'எம்-த்ரீ' என்ற கனிமம் காட்டும் நிறமாலைமானி. மற்றொன்று, மினி-சார் என்ற ரேடார். கிளமென்டைன் குழுவில் இருந்த பால் ஸ்புடிஸ்தான் அதன் பொறுப்பாளர். 234-ஆம் சுற்றை நம்ப மறுத்தவர்களுக்குப் பதில் சொல்ல அவருக்கு ஒரு ரேடார் வேண்டியிருந்தது. அதைச் சுமந்து செல்ல இந்தியாவின் கலம் கிடைத்தது.

2008 அக்டோபர் 22, காலை 6.22. ஸ்ரீஹரிகோட்டாவில் மழை மேகங்களுக்கு இடையே பிஎஸ்எல்வி கிளம்பியது. நவம்பர் 12 அன்று கலம் நிலாவுக்கு மேலே நூறு கிலோமீட்டர் வட்டப்பாதையில் இருந்தது. நவம்பர் 14 இரவு 8.06 மணிக்கு மூவர்ணப் பெட்டி தாய்க்கலத்தை விட்டுப் பிரிந்தது.

அடுத்த 25 நிமிடங்களில் அந்தப் பெட்டி தென் துருவத்தை நோக்கிச் சரிந்தபடியே நூற்றுக்கணக்கான அளவீடுகளை மேலே அனுப்பியது. 8.31-க்கு ஷாக்கிள்டன் பள்ளத்தின் அருகே மோதி நொறுங்கியது. நாடு முழுக்கக் கொண்டாட்டம். நிலாவில் நம் கொடி. நாளிதழ்களின் முதல் பக்கம் அதோடு நிறைந்துவிட்டது.

அந்த அளவீடுகளைப் பிரித்துப் பார்த்தவர்கள் திருவனந்தபுரத்தின் விண்வெளி இயற்பியல் ஆய்வகத்தினர். வரைபடத்தில் ஓர் இடத்தில் கோடு எழுந்து நின்றது. எடை எண் 18. ஆக்ஸிஜன் 16, இரண்டு ஹைட்ரஜன் 2. கூட்டினால் தண்ணீர்.

அவர்கள் அறிவிக்கவில்லை. பூமியிலிருந்து கிளம்பும் எந்தக் கலமும் தன் இடுக்குகளில் பூமியின் ஈரத்தைச் சுமந்துதான் போகும். வெற்றிடத்தில் அது மெல்லக் கசியும். 18 என்று தெரிந்தது நிலாவின் நீரா, ஸ்ரீஹரிகோட்டாவின் கடற்காற்றா? இதைப் பிரித்தறியாமல் வாய் திறந்தால் அப்பல்லோ காலத்து ஏளனம் திரும்ப வரும். ஆர். ஸ்ரீதரன் குழுவின் கட்டுரை 2010-இல்தான் ஆய்விதழில் வந்தது. அந்தப் பொறுமைக்கு அவர்கள் கொடுத்த விலை பெரியது, முதலில் அறிவித்த பெருமை வேறு கைக்குப் போயிற்று. ஆனாலும் அவர்கள் செய்ததே சரி என்று நான் உறுதியாக நம்புகிறேன். எடை எண் 18-ஐ அவசரப்பட்டுக் கொண்டாடியிருந்தால், இன்று அந்த அளவீட்டை யாரும் திரும்பிப் பார்க்க மாட்டார்கள்.

இதற்கிடையே எம்-த்ரீ வேறொரு திசையிலிருந்து அதே இடத்துக்கு வந்துகொண்டிருந்தது. நிலாவில் பட்டுத் திரும்பும் சூரிய ஒளியில் மூன்று மைக்ரான் அலைநீளத்துக்குப் பக்கத்தில் ஒரு குழிவு தெரிந்தது. நீரோ, நீரின் உறவான ஹைட்ராக்சிலோ அந்த ஒளியை விழுங்கினால்தான் அப்படி வரும். பிரவுன் பல்கலைக்கழகத்தின் கார்லி பீட்டர்ஸ் குழுவால் முதலில் இதை நம்ப முடியவில்லை. கருவியில்தான் கோளாறு என்று மாதக்கணக்கில் தேடினார்கள். பிறகு, சனிக்குப் போகும் வழியில் 1999-இல் நிலாவைக் கடந்த காசினி கலத்தின் பழைய அளவீடுகளை எடுத்துப் பார்த்தார்கள். அதிலும் குழிவு இருந்தது. வால்நட்சத்திரம் தேடிப் போய்க்கொண்டிருந்த டீப் இம்பாக்ட் கலத்தை 2009 ஜூனில் நிலாப் பக்கம் திருப்பிப் பார்க்கச் சொன்னார்கள். அதிலும் இருந்தது. மூன்று கலங்கள் ஒரே சாட்சி சொன்ன பிறகு, 2009 செப்டம்பர் 24 அன்று உலகுக்கு அறிவித்தார்கள்.

அது மேற்பரப்பின் மெல்லிய ஈரம். ஒரு டன் மண்ணைப் பிழிந்தால் ஏறக்குறைய ஒரு லிட்டர். 1961-இன் கணக்கு சொன்ன பனிக்கட்டிப் புதையல் அதுவல்ல. அதைத் தேடும் வேலை மினி-சாருடையது.

இந்த ரேடாரின் தந்திரம் அழகானது. அலையை ஒரு திசையில் சுழல விட்டு அனுப்புவார்கள். சாதாரணத் தரையில் பட்டால் சுழற்சி மாறித் திரும்பும். பனிக்கட்டிக்குள் புகுந்த அலை உள்ளே பலமுறை சிதறி, போன சுழற்சியிலேயே நிறைய திரும்பி வரும். இரண்டுக்கும் உள்ள விகிதத்தைப் பார்க்க வேண்டும். பாறைக் குவியலும் இதே விகிதத்தைக் காட்டும் என்பதுதான் பழைய சண்டை. ஸ்புடிஸ் அதற்கு ஒரு விடை வைத்திருந்தார். புதிதாகத் தோன்றிய பள்ளத்தைச் சுற்றிப் பாறை சிதறிக் கிடக்கும், ஆகவே விளிம்புக்கு உள்ளேயும் வெளியேயும் விகிதம் உயர்ந்திருக்கும். நிழல் பள்ளங்கள் சிலவற்றிலோ உள்ளே மட்டும் உயர்ந்தது, விளிம்பைத் தாண்டியதும் அடங்கிவிட்டது. பாறைக்கு விளிம்பு பார்த்து நிற்கத் தெரியாது. வட துருவத்தின் அருகே இப்படி நாற்பதுக்கும் மேற்பட்ட பள்ளங்கள், 2 முதல் 15 கிலோமீட்டர் அகலத்தில். 2010 மார்ச்சில் வெளியான அவர்களது மதிப்பீடு, குறைந்தது 60 கோடி டன் பனிக்கட்டி.

சண்டை அத்தோடு ஓய்ந்துவிடவில்லை. ஓய வைத்திருக்கக்கூடிய சோதனை ஒன்று அதற்கு முந்தைய ஆகஸ்டிலேயே திட்டமிடப்பட்டது. அமெரிக்காவின் எல்ஆர்ஓ கலம் 2009 ஜூனில் கிளம்பி நிலாவை அடைந்திருந்தது. இரண்டு கலங்களும் வட துருவத்தின் எர்லாங்கர் பள்ளத்துக்கு மேலே ஒன்றுக்கொன்று 20 கிலோமீட்டர் நெருக்கத்தில் பறக்க வேண்டும். சந்திரயான் அலையை அனுப்பும், இரண்டும் கேட்கும். கேட்கும் கோணம் மாறும்போது பாறையின் எதிரொலி ஒரு மாதிரியும், பனியின் எதிரொலி வேறு மாதிரியும் மாறும். பிறகு வாதமே வேண்டாம்.

ஆனால் சந்திரயான் அப்போது நோயாளி. நிலாவின் சூடு எதிர்பார்த்ததைவிடக் கடுமையாக இருந்ததால் முதல் மாதமே வெப்பநிலை 50 டிகிரியைத் தொட்டு, கருவிகளை முறைபோட்டு இயக்க வேண்டி வந்தது. பிறகு, நட்சத்திரங்களைப் பார்த்து இது எந்தத் திசை என்று சொல்லும் உணர்விகள் பழுதாயின. பாதையை 200 கிலோமீட்டருக்கு உயர்த்தி, சுழல்காட்டிகளை நம்பிக் கலத்தை ஓட்டிக்கொண்டிருந்தார்கள். ஆகஸ்டின் மூன்றாம் வாரத்தில் இரண்டு கலங்களும் எர்லாங்கருக்கு மேலே சந்தித்தன. குறித்த நேரத்தில் ரேடார் முழங்கியது.

தரவுகளைப் பிரித்தவர்களுக்கு நெஞ்சு கனத்திருக்கும். சந்திரயானின் ரேடார் நிலாவைப் பார்க்கவே இல்லை. திசை தவறியிருந்தது.

மறுபடி முயலலாம் என்றால் நாட்கள் வேண்டும். ஆகஸ்ட் 29 அதிகாலை 1.30 மணிக்கு, பெங்களூருவை அடுத்த பயலாலுவின் 32 மீட்டர் ஆன்டெனாவில் சந்திரயானின் குரல் நின்றது. கூப்பிட்டுப் பார்த்தார்கள். பதில் இல்லை.

312 நாட்களில் கதை முடிந்தது என்று எல்லோரும் எழுதினார்கள். முடியவில்லை. ஒன்பது ஆண்டுகள் கழித்து, அந்த இறந்த கலம் விட்டுச் சென்ற ஒரு கோப்புக்குள்ளிருந்து நிலாவின் பனிக்கட்டி நேரடியாக முகம் காட்டப்போகிறது.

3. பதினான்கு டிகிரி

இந்த வாரக் கதைக்குள் போகும் முன், சந்திரயான் மௌனமான சில வாரங்களில் நடந்த ஒன்றைச் சொல்லிவிட வேண்டும். 2009 அக்டோபர் 9 அன்று அமெரிக்காவின் எல்க்ராஸ் திட்டம் ஒரு காலி ராக்கெட் நிலையைத் தென் துருவத்தின் கேபியஸ் பள்ளத்துக்குள் எறிந்தது. பின்னாலேயே போன கலம் எழுந்த புழுதிக்குள் புகுந்து அளந்தது. இந்த முறை நீர் இருந்தது. எடையில் ஏறக்குறைய 5.6 சதவீதம். ஷூமேக்கரின் அஸ்தி சுமந்த கலத்துக்குக் கிடைக்காத பதில் பத்து ஆண்டு கழித்து வந்தது. ஆனால் அது ஒரே ஒரு பள்ளத்தின் பதில்.

2018 ஆகஸ்டில் ஹவாய் பல்கலைக்கழகத்தின் ஷுவாய் லி குழு ஒரு கட்டுரை வெளியிட்டது. நிழல் பள்ளத்துக்குள் நேர் வெயில் வராது, உண்மை. பள்ளத்தின் எதிர்ச்சுவரில் பட்ட வெயில் சிதறி மங்கலாக உள்ளே வரும் அல்லவா? சந்திரயானின் எம்-த்ரீ கருவி அந்த மங்கிய ஒளியையும் பதிவு செய்திருந்தது. யாரும் பயன்படாது என்று தள்ளியிருக்கக்கூடிய அந்தப் படப்புள்ளிகளை ஒவ்வொன்றாகச் சலித்தபோது, பனிக்கட்டிக்கு மட்டுமே உரிய மூன்று அடையாளங்கள் ஒன்றாகத் தெரிந்தன. அதற்கு முந்தைய ஆண்டில்தான், 2017 மார்ச்சில், அமெரிக்க ரேடார்கள் சந்திரயான்-1-ஐயே கண்டுபிடித்திருந்தன. ஒன்றரை மீட்டர் அளவுள்ள அந்தப் பெட்டி இன்னும் நிலாவைச் சுற்றிக்கொண்டிருந்தது, பேச்சில்லாமல்.

லியின் பனி, குளிர்ந்த நிழல்களில் மூன்றரை சதவீத இடத்தில்தான் கண்ணில் பட்டது. அதுவும் தோல் அளவுக்கு, மேலேயே. மண்ணுக்கடியில் எவ்வளவு?

2019 ஜூலை 22 அன்று சந்திரயான்-2 கிளம்பியது. திட்ட இயக்குநர் எம். வனிதா, கிண்டி பொறியியல் கல்லூரியில் படித்தவர். சுற்றுக்கலத்தில் அகமதாபாத்தில் உருவான இரட்டை அலைவரிசை ரேடார் இருந்தது. மினி-சாரின் அலை ஒன்று, 12 சென்டிமீட்டர். இதில் கூடுதலாக 24 சென்டிமீட்டர். அலை நீளமானால் மண்ணுக்குள் ஆழமாக, சில மீட்டர் வரைக்கும் இறங்கும். பாறையையும் பனியையும் பிரித்தறிய முன்பு இல்லாத வகையில் எல்லா முனைவாக்கங்களையும், அதாவது அலை அதிரும் திசைகளையும், அது பதிவு செய்யும். ஆனால் மக்கள் நினைவில் நிற்பது வேறு. செப்டம்பர் 7 அதிகாலை, அதன் தரையிறங்கு கலமான விக்ரம் தரைக்கு அருகே வந்து காணாமல் போனது. அதன் சிதறல்களை நாசாவின் படங்களில் தேடிக் கண்டுபிடித்துச் சொன்னவர் சண்முக சுப்பிரமணியன், சென்னையில் வேலை பார்த்த ஒரு பொறியாளர். எந்த ஆய்வகத்தையும் சேராதவர். அந்தத் தோல்வியின் இரைச்சலில், சுற்றுக்கலம் மேலே நலமாக ரேடாரை ஓட்டிக்கொண்டிருந்தது பலருக்கு மறந்தே போனது. இன்றைய அறிவில் பாதி அந்த மறக்கப்பட்ட கலத்தின் உழைப்பில் வந்தது என்பேன்.

2024 மே மாதம் இஸ்ரோ ஓர் ஆய்வை அறிவித்தது. கான்பூர், தன்பாத் ஐஐடிக்களும் அமெரிக்க நிறுவனங்களும் சேர்ந்து செய்தது. எல்ஆர்ஓவின் ஏழு கருவிகளது தரவுகளைத் துணைக்கு வைத்துப் பார்த்ததில், துருவங்களில் முதல் இரண்டு மீட்டருக்குள் புதைந்திருக்கும் பனிக்கட்டி மேற்பரப்பில் இருப்பதைப்போல் ஐந்து முதல் எட்டு மடங்கு என்று தெரிந்தது. வடக்கில் தெற்கைவிட இரு மடங்கு. முந்நூறு கோடி ஆண்டுகளுக்கும் முன்னால் நிலாவின் எரிமலைகள் விட்ட மூச்சிலிருந்து வந்திருக்கலாம் என்பது அவர்கள் முடிவு.

எல்லாம் மேலிருந்து பார்த்தது. மண்ணுக்குள் இறங்கிப் பார்த்தது யார்?

இங்கேதான் நம் ரயில் பாதை வருகிறது. விழுப்புரத்திலிருந்து தாம்பரம் போகிற எந்த ரயிலும் ஊரப்பாக்கத்தைக் கடந்துதான் போக வேண்டும். விழுப்புரத்தில் ஒரு ரயில்வே ஊழியரின் மகன், ப. வீரமுத்துவேல். ரயில்வே பள்ளியில் படித்தார். டிப்ளமா முடித்து, மேற்குத் தாம்பரத்தின் ஸ்ரீ சாய்ராம் பொறியியல் கல்லூரியில் பொறியியல் சேர்ந்தார். பிறகு திருச்சியில் முதுகலை, சென்னை ஐஐடியில் முனைவர் பட்டம். இஸ்ரோவில் சேர்ந்தது 2004-இல். சந்திரயான்-3-க்கு அவர்தான் திட்ட இயக்குநர். மதிப்பெண் துரத்தலில் மூச்சுத்திணறும் நம் பிள்ளைகளிடம், டிப்ளமா வழியாக வந்த ஒருவர்தான் நம் கலத்தை நிலாவில் இறக்கினார் என்று ஒவ்வொரு வீட்டிலும் சொல்ல வேண்டும் என்பது என் ஆசை.

இறங்குவதற்குப் பழக மண் வேண்டும். நிலாவின் மேட்டுநிலம் அனார்த்தசைட் பாறையால் ஆனது. அதே வகைப் பாறை நாமக்கல் பக்கம் சித்தம்பூண்டியிலும் குன்னமலையிலும் கிடக்கிறது என்பதை நம் நிலவியலாளர்கள் அறிந்திருந்தார்கள். வெளிநாட்டில் வாங்கினால் கட்டுப்படியாகாத செயற்கை நிலா மண்ணை, இங்கிருந்து டன் டன்னாகக் கொண்டுபோன பாறையை அரைத்து இஸ்ரோ தயாரித்தது. விக்ரமின் கால்களும் அதற்குள் போன ஊர்தி பிரக்யானின் சக்கரங்களும் முதலில் பழகியது கொங்கு மண்ணில்.

2023 ஆகஸ்ட் 23, மாலை 6.04. விக்ரம் 69 டிகிரி தென் அட்சரேகையில் நின்றது. அந்த மகிழ்ச்சியைப் பற்றி எழுத வேண்டியதில்லை, அன்று மாலை எல்லோரும் ஏதோ ஒரு திரையின் முன்னால் இருந்தோம். நான் சொல்ல விரும்புவது அடுத்த சில நாட்களில் நடந்ததை. விக்ரமின் பக்கவாட்டிலிருந்து ஒரு மெல்லிய கோல் இறங்கியது. பெயர் 'சாஸ்டே'. திருவனந்தபுரமும் அகமதாபாத்தும் சேர்ந்து செய்தது. கோலின் நெடுக பத்து வெப்பமானிகள். ஒரு சிறு மோட்டார் அதைத் திருகித் திருகி மண்ணுக்குள் அழுத்தியது.

இது எவ்வளவு கடினம் என்று தெரிய வேண்டுமானால் செவ்வாயைப் பார்க்க வேண்டும். அங்கே நாசாவின் இன்சைட் கலத்தில் போன ஜெர்மானிய வெப்பக் கோல் ஒன்று தன்னைத்தானே சுத்தியலால் அடித்துக்கொண்டு ஐந்து மீட்டர் இறங்க வேண்டியது. 2019 தொடங்கி ஏறக்குறைய இரண்டு ஆண்டு போராடி, தரைமட்டத்தோடு நின்றுபோனது. மண் பிடி கொடுக்கவில்லை.

சாஸ்டே இறங்கியது. பத்து சென்டிமீட்டர்தான். ஆனால் அந்தப் பத்து சென்டிமீட்டர் திகைக்க வைத்தது. மேலே ஐம்பது டிகிரிக்கு மேல் சூடு. எட்டு சென்டிமீட்டர் கீழே, உறைநிலைக்குப் பத்து டிகிரி கீழ். ஒரு சாண்கூட இல்லாத ஆழத்தில் அறுபது டிகிரி வித்தியாசம்! நிலாவின் புழுதி வெப்பத்தைக் கீழே விடவே விடாத கம்பளி. அடியில் ஏதாவது உறைந்திருந்தால், அது பாதுகாப்பாக இருக்கும்.

தரவுகளை அலசி முடிக்க ஒன்றரை ஆண்டானது. அகமதாபாத் இயற்பியல் ஆய்வகத்தின் துர்கா பிரசாத் குழு 2025 மார்ச்சில் கட்டுரை வெளியிட்டது. கோல் இறங்கிய இடம் சூரியனை நோக்கி ஆறு டிகிரி சாய்ந்த சரிவு. அங்கே உச்ச வெப்பம் 82 டிகிரி. ஒரு மீட்டர் தள்ளி, சமதரையில், 59 டிகிரிதான். இத்தனை சிறிய சாய்வு இத்தனை பெரிய மாற்றம் செய்கிறதென்றால், சூரியனுக்கு முதுகு காட்டும் சரிவில் என்ன நடக்கும்? கணக்கிட்டார்கள். துருவத்தை நோக்கி 14 டிகிரிக்கு மேல் சாய்ந்த சரிவுகளில், துருவத்துக்குப் போகாமலேயே, கொஞ்ச ஆழத்தில் பனிக்கட்டி தங்கியிருக்க முடியும்.

1961 முதல் எல்லோரும் சூரியன் எட்டாத பள்ளங்களைத்தான் தேடினார்கள். கலம் இறங்க அஞ்சும் இருட்டு, பேட்டரி உறையும் குளிர். இப்போது வெளிச்சமுள்ள, கலம் இறங்கக்கூடிய சாதாரணச் சரிவுகளும் பட்டியலில் சேர்ந்துவிட்டன. அடுத்து இந்தியாவும் ஜப்பானும் சேர்ந்து அனுப்பப்போகும் சந்திரயான்-5, ஒன்றரை மீட்டர் துளைக்கும் கருவியோடு போக வேண்டும். லாரி தயாராகிறது.

ஆனால் துர்கா பிரசாத் குழுவின் கட்டுரை வந்த அதே வாரத்தில் வேறொரு லாரி ஏற்கெனவே நிலாவுக்குப் போய்ச் சேர்ந்தது. 2025 மார்ச் 6 அன்று தென் துருவத்தின் அருகே இறங்கிய அமெரிக்கத் தனியார் கலம் அதீனாவில், ஒரு மீட்டர் துளைக்கும் நாசாவின் கருவி இருந்தது. அதீனா ஒரு பள்ளத்துக்குள் பக்கவாட்டில் சாய்ந்து விழுந்தது. இயக்கியபோது துளைக்கருவி நீண்டது, அசைந்தது. அதன் முனைக்குக் கீழே மண் இல்லை.

ஆக, வேற்றுக் கோள் ஒன்றின் மண்ணைத் தோண்டி அடியிலிருந்த பனிக்கட்டியைக் கண்ணால் பார்த்தவர்களே கிடையாதா? உண்டு. சந்திரயான்-1 கிளம்புவதற்கு நான்கு மாதம் முன்பு, 2008 ஜூனில், செவ்வாயின் வடக்குச் சமவெளியில் பீனிக்ஸ் கலத்தின் இயந்திரக் கை சில சென்டிமீட்டர் ஆழத்துக்கு ஒரு வாய்க்கால் தோண்டியது. ஜூன் 15-ஆம் தேதிப் படத்தில், வாய்க்காலின் மூலையில், பகடைக்காய் அளவில் சில வெள்ளைக் கட்டிகள். உப்பாக இருக்கும் என்றார்கள் ஒரு சாரார்.

நான்கு நாள் கழித்து அதே மூலையை மறுபடி படம் எடுத்தார்கள். கட்டிகளைக் காணவில்லை.

(அடுத்த வாரம்)